பிசிறு வெட்டிய கை

தொங்குகிற எதையும் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது. தொழில் கொடுத்த வியாதி அது. சலவைக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஊரார் கால்சட்டைகளுக்கு நீளம் குறைப்பதும், மக்கர் செய்யும் ஜிப்பை மாற்றுவதும், தொளதொள சட்டைகளை இடுப்பில் பிடிப்பதும்தான் அவள் பிழைப்பு. தைத்து முடித்ததும் துணியைத் திருப்பிப் போட்டு, ஒரு நூல் பிசிறு விடாமல் சின்னக் கத்தரியால் நறுக்கினால்தான் அவளுக்கு மூச்சு வரும். ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்றவரின் காலரில் நூல் ஒன்று தொங்க, கை பரபரத்து வெட்டியே விட்டாள். அந்த மனிதர் முறைத்த முறைப்புக்கு வேறு யாராக இருந்தாலும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கியிருப்பார்கள். இவள் இறங்கவில்லை. இன்னொரு நூலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

அப்பேர்ப்பட்ட கை இன்று தேனீப்பெட்டியின் மூடிமேல் இருந்தது.

பெட்டி வீட்டின் பின்புறத்தில், மதிலை ஒட்டி நான்கு செங்கல்மேல் இருந்தது. குளிர் விட்டு வெயில் உறைக்கத் தொடங்கிய இரண்டாவது வாரம். அவள் கணவரின் மழைக்கோட்டைப் போட்டிருந்தாள், பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மாட்டியிருந்தாள். தலையில் பழைய தொப்பி. அதைச் சுற்றி ஜன்னல் திரைக்கு வாங்கிய வலைத்துணியைத் தானே தைத்து முகவலையாக இறக்கியிருந்தாள். அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்திருந்தால் நாத்தனாருக்கு ஒரு வாரத்துக்குச் சிரிக்கத் தீனி கிடைத்திருக்கும். ஆனால் நாத்தனார் வெளியூரில் இருந்தாள், வீட்டுக்குள் இருந்த ஒரே ஆள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

பின்னறை ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். திரை விலகவில்லை. விலகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தினம் பார்க்கிறாள்.

அவள் கணவர் கிரேன் ஓட்டுகிறவர். ஓட்டியவர் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டிட வேலை நடக்கும் இடங்களில் அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருந்துவிட்டு, அத்தனை பேச்சையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தால் விளக்கணைத்த பிறகும் ஓயாது. "ரேடியோவக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்" என்று அவள் சலித்துக்கொள்வாள். அந்தச் சலிப்பெல்லாம் சும்மா. அவர் ஒருநாள் வரத் தாமதமானால் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து கால் தேய்வாள்.

போன வருடம் அவர்தான் இந்தப் பெட்டியைத் தேனீக்களோடு வாங்கி வந்தார். இரண்டு பேருக்கும் தேனீயைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "என் தம்பிக்கு நீ ஒருத்தி பத்தலையா? ராணின்னு ஒரு சக்களத்தியக் கொண்டாந்து கொல்லையில வச்சிருக்கான்?" என்று நாத்தனார் போனில் சிரித்தாள். அவரும் விடவில்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டே பெட்டிப்பக்கம் போய், "ராணியம்மா எழுந்தாச்சா?" என்று அவள் காதில் விழும்படி கேட்பார்.

பிறகு, குளிர் தொடங்கிய நேரத்தில், அந்த விபத்து. கிரேனில் தொங்கிய இரும்புக் கம்பிக் கட்டு சரிந்து விழுந்தது. கீழே நின்று கொக்கி மாட்டி, இறக்கலாம் என்று கை காட்டுகிற பையன், இவர் 'மாப்ளே மாப்ளே' என்று வாய்க்கு வாய் கூப்பிட்ட பையன், அதே இடத்தில் போய்விட்டான். விசாரணை நடந்தது. இழுக்கிற வடம் பழசாகி அறுந்தது, ஓட்டியவர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் வந்து அதையே சொன்னார்கள். அவர் ஒரே ஒருமுறை வாய் திறந்தார். "அவன் கை காட்டினானான்னு நான் பாக்கல. பாக்காமலே இறக்கிட்டேன்."

"இல்லீங்க. வடம் அறுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? தெரியாம நடந்தது" என்றாள் அவள். பிறகு வந்தவர்களையும் அதையே சொல்லச் சொன்னாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்றிலிருந்து ரேடியோ நின்றுபோனது.

ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. சாயங்காலம் அவள் காப்பியோடு போய் நின்றால், சுவரைப் பார்த்தபடியே கேட்பார். "பறக்குதா?"

"பறக்குது" என்பாள் அவள்.

அவ்வளவுதான். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் குளிர்காலத்தை ஓட்டினாள். குளிரில் தேனீக்கள் வெளியே வராத நாட்களில் பெட்டிமேல் காதை வைத்து, உள்ளே முனகல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து "பறக்குது" என்று பொய் சொல்வாள். இந்தப் பெட்டி செத்தால் அந்த வார்த்தையும் செத்துவிடும் என்று அவளுக்குப் பயம். அதற்கப்புறம் அந்த அறையில் என்ன மிஞ்சும்?

போன வாரம் வெயில் வந்த முதல் நாள், முதல்முறையாகத் தானே பெட்டியைத் திறந்தாள். உள்ளே மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றிலும் மெழுகு அடை. ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்தாள். தேனீ இருந்தது, தேன் கொஞ்சம் இருந்தது, மூடி போட்ட குஞ்சு அறைகளும் இருந்தன. மனசு குளிர்ந்து போனது. நடுச்சட்டங்கள் இரண்டில் மட்டும் அடையின் முகத்திலும் விளிம்பிலும் என்னவோ தொங்கியது. உரிக்காத வேர்க்கடலை அளவு, அதே சொரசொரப்பு. ஏழெட்டு இருக்கும்.

அவளுக்குப் பெட்டி விற்றவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் இவர்கள் சொல்வார்கள். வெயில் காலம் தொடங்கும்போது புது ராணிகள் வளரும் அறைகள் வேர்க்கடலை மாதிரி தொங்கும், பழைய ராணி பாதிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். ஓடிவிடும் என்பது மட்டும்தான் அவள் மனசில் நின்றது. கூட்டம் ஓடிவிட்டால் சாயங்காலம் என்ன பதில் சொல்வது?

மழைக்கோட்டின் பையில் கத்தரி இருந்தது. அது இல்லாமல் அவள் எங்கும் போகமாட்டாள். நறுக், நறுக் என்று எல்லாவற்றையும் வெட்டினாள். சட்டத்தைத் திருப்பிப் பார்த்து, மிச்சமிருந்த ஒன்றையும் வெட்டினாள். அடை இப்போது தைத்து முடித்த சட்டை மாதிரி சுத்தமாக இருந்தது. அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

வெட்டுவதற்கு முன்னால் அறைகளுக்குள் முட்டை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். முட்டை இருந்தால்தான் பழைய ராணி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். பார்க்கவில்லை. முகவலைக்குள் மூச்சுக்காற்று பட்டு மூக்குக்கண்ணாடி மங்கியது, கழற்றிப் பையில் வைத்துவிட்டாள். கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாத பெண் அவள்.

இன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். வேறொன்றுமில்லை, சந்தோஷமாகப் பார்க்கலாம் என்றுதான்.

தேனீக்களை அடக்கும் புகை டப்பாவைப் பெட்டி வாசலில் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு மூடியைத் தூக்கினாள். சத்தம் மாறியிருந்தது. போன வாரம் தையல் மெஷின் சீராக ஓடுகிற மாதிரி கேட்டது. இன்று அப்படியில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் அரற்றின. சட்டங்களின்மேல் தேனீக்கள் நிலைகொள்ளாமல் குறுக்கும் நெடுக்கும் ஓடின.

நடுச்சட்டத்தை எடுத்து வெயிலுக்குக் காட்டினாள். முட்டை அரிசி நொய் போல அறையின் அடியில் நிற்கும் என்று படத்தில் பார்த்திருந்தாள். ஒரு அறையிலும் இல்லை. அடுத்த சட்டம், அதிலும் இல்லை. புழு இல்லை. மூடி போட்ட அறைகளும் பெரும்பாலும் திறந்து காலியாகிவிட்டன. மெழுகு வழவழவென்று பெருக்கித் துடைத்த வாடகை வீடு மாதிரி கிடந்தது. எல்லாச் சட்டங்களையும் ஒரு தடவை, பிறகு கடைசியிலிருந்து இன்னொரு தடவை பார்த்தாள். ரப்பர் கையுறையைத் தாண்டி ஒரு தேனீ கொட்டியது. கொட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூடியை வைத்துவிட்டு, முகவலையைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்காரருக்குப் போன் போட்டாள்.

"முட்டை இல்லையா? போன வாரம் இருந்துச்சா?"

"பாக்கலீங்க."

"பாக்கலையா? பொறவு எதுக்குப் பெட்டியத் தொறந்தீங்க? சரி, வேர்க்கடலை மாதிரி ஏதாச்சும் தொங்குச்சா?"

"தொங்குச்சு. வெட்டிட்டேன்."

"ஒன்னாவது விட்டு வச்சீங்களா?"

"இல்லீங்க."

"சுத்தமாவா வெட்டுனீங்க?"

"சுத்தமா வெட்டிட்டேன்" என்றாள். வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொன்ன சொல் அது.

"என்னம்மா நீங்க! ராணி குளிர்லயே செத்திருக்கும். இருந்த குஞ்சை வச்சு வேற ராணி வளத்திருக்குதுங்க. அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கீங்க. இப்ப முட்டையும் இல்ல, இனி ராணி செய்ய வழியே இல்ல. இருக்கறதெல்லாம் பறந்துகிட்டுத்தான் இருக்கும், ஒன்னொன்னா விழும். ஒரு மாசம், கூடிப்போனா ஒன்றரை மாசம்."

"ஏதாவது வழி சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினாள்.

வழி ஒன்று இருந்தது. அவருடைய பெட்டியிலிருந்து முட்டை உள்ள சட்டம் ஒன்றை எடுத்து இதில் வைத்தால், தேனீக்கள் அதிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும். "தர்றேன். காசுகூட வேணாம். ஆனா பார்சல்ல போட முடியாது, சூடு ஆறுனா எல்லாம் செத்துரும். ஈரத்துணி சுத்தி, ஆள் மடியில வச்சு, குலுங்காம எடுத்துட்டுப் போகணும். இருட்டுறதுக்குள்ள வாங்க. நாளைக்கு நான் வெளியூரு. வர ஒரு மாசம் ஆகும்."

அவர் தோட்டம் காரில் இரண்டு மணி நேர தூரம். பேருந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. தெரிந்தவர் விபத்துக்குப் பிறகு சாவியைத் தொடவில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டு பேரைக் கேட்டாள். ஒருவர் தேனீ என்றதும் போனை வைத்தார். இன்னொருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றார்.

வெயில் தலைக்கு மேல் இருந்தது. இன்னும் நேரம் இருக்கிறது என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்து என்ன செய்ய?

போன வாரம் வெட்டியதை வீசியிருந்த பின்புறக் குப்பைக்குழியைப் பைத்தியம் பிடித்தவள் போலக் கிளறினாள். காய்கறித் தோலுக்கும் காய்ந்த இலைக்கும் நடுவில் அந்த வேர்க்கடலைகள் நான்கு கிடைத்தன. ஒருவேளை ஒன்றாவது உயிரோடு இருக்குமோ என்று ஒரு நப்பாசை. உள்ளங்கையில் வைத்துக் கத்தரி முனையால் மெல்லப் பிரித்தாள். வெள்ளையாக, நீளமாக ஒரு உயிர் கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. கண் வந்திருந்தது. சிறகு வரவேண்டிய இடத்தில் இரண்டு சின்ன மடிப்பு. இன்னும் சில நாள் விட்டிருந்தால் எழுந்து வந்திருக்கும். இப்போது ஓரமெல்லாம் கறுத்துக் குளிர்ந்திருந்தது.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். தெரியாமத்தானே செஞ்சோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அந்த வார்த்தை எங்கும் ஒட்டவில்லை. மறுபடி சொன்னாள். தன்மேலேயே ஆத்திரம்தான் வந்தது. தெரியாமலா? கண்ணாடி பையில்தானே இருந்தது? எடுத்துத் துடைத்துப் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வெட்ட வேண்டும் என்கிற அவசரம். சுத்தமாக இருக்க வேண்டும் என்கிற திமிர். கேட்கிறவர்கள் ஆயிரம் சொல்லலாம், வெட்டிய கை இதுதான். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே போய்க் கை கழுவினாள். மறுபடி கழுவினாள். காப்பி போடும் நேரம் ஆகவில்லை, ஆனாலும் போட்டாள். அடுப்பருகே நின்றபோது ஒரு யோசனை வந்தது. பறக்குதா என்றுதானே கேட்பார்? பறக்கத்தானே செய்கிறது? இன்னும் ஒரு மாதத்துக்கு அது பொய்யே இல்லை. அதற்குப் பிறகு பொய் சொன்னால் போகிறது. குளிர்காலம் முழுக்கச் சொல்லவில்லையா?

காப்பியோடு பின்னறைக்குப் போனாள். போர்வைக்குள் அதே முதுகு. அறையில் வியர்வையும் மாத்திரையும் கலந்த வாடை. டம்ளரை ஸ்டூலில் வைத்தாள்.

"பறக்குதா?"

வாயைத் திறந்தாள். "பறக்குது" வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அழுகை தானாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"பறக்குதுங்க. ஆனா ராணி இல்ல. புதுசா வளத்த ராணிங்களையும் நான் கத்தரியால வெட்டிட்டேன். பிசிறு வெட்டுற மாதிரி எல்லாத்தையும் வெட்டிட்டேன். இனிமே ஒன்னொன்னா சாகும்."

போர்வை அசைந்தது. அவர் மெல்லப் புரண்டு இவள் பக்கம் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள். தாடி பாதி நரைத்திருந்தது.

"அழாத. தெரியாமத்தானே செஞ்ச" என்றார். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

"அதச் சொல்லாதீங்க!" என்று கத்தினாள். கத்தியது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. "தயவுசெஞ்சு அதச் சொல்லாதீங்க. தெரியாமயாம், தெரியாம! முட்டை இருக்கான்னு நான் பாக்கல. கண்ணாடி பையிலதான் இருந்துச்சு. எடுத்துப் போட்டுப் பாத்திருக்கலாம். பாக்காமலே வெட்டிட்டேன். யார் என்ன சொன்னாலும் நான்தானே வெட்டினேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இதே வார்த்தைகள். இதே அறை. அன்றைக்கு அவர் சொன்னபோது இவள்தான் வாயை அடைத்தாள். பிறகு வந்தவர்கள் அத்தனை பேரையும் அதையே சொல்ல வைத்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. நீதான் வெட்டின" என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். அதைக் கேட்டதும், இத்தனை நேரம் நெஞ்சை அடைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது. வலி போகவில்லை. ஆனால் யாரோ ஒரு கை கொடுத்த மாதிரி இருந்தது.

"நானும் பாக்கல. அவன் கை காட்டினானான்னு பாக்காம இறக்கிட்டேன். அன்னிக்கு எனக்கு என்ன அவசரம்னு இன்னும் தெரியல."

"இல்லீங்க" என்று பழக்க தோஷத்தில் வாயெடுத்தாள். பாதியில் விழுங்கினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். லிவரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை, இப்போது மெத்தென்று ஆகியிருந்தது.

"ஆமா. நீங்க பாக்கல" என்றாள்.

அவர் அழுதார். குளிர் முழுக்க ஒரு சொட்டு விடாத மனிதர், சின்னப் பிள்ளை போல வாய் கோண அழுதார். "மாப்ளே" என்று ஒருமுறை சொன்னார். அவள் தடுக்கவில்லை. சமாதானம் சொல்லவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டியது.

அழுகை ஓய்ந்ததும் அவர் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்தார். "ஒரு வழியுமில்லையா?" என்று கேட்டார்.

பெட்டிக்காரர் சொன்னதைச் சொன்னாள். முட்டைச் சட்டம், மடி, இருட்டுவதற்குள். சொல்லிவிட்டு, "வேணாங்க, விடுங்க" என்றாள். அவள் விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தாள்.

அவர் எழுந்து பின்கதவைத் திறந்து வெளியே போனார். வெளிச்சம் பட்டுக் கண் கூச, சுவரைப் பிடித்துக்கொண்டு பெட்டிவரை நடந்து, குனிந்து அதன்மேல் காதை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். வெளியே போன தேனீக்கள் கால் நிறைய மஞ்சள் மகரந்தத்தோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தன, இல்லாத குஞ்சுகளுக்கு.

"சாவி எங்க?" என்று திரும்பாமல் கேட்டார்.

தெருவில் நின்ற கார் தூசும் இலையுமாக இருந்தது. இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது முறை கிளம்பியது. அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. துண்டை நனைத்துப் பிழிந்து மடியில் தயாராக வைத்திருந்தாள், முகத்தில் கண்ணாடி இருந்தது.

அவர் காரை நகர்த்தாமல் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கண்ணாடியில் பின்னால் பார்த்தார். திரும்ப ஒருமுறை எல்லாப் பக்கமும் பார்த்தார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"நீ பாத்துச் சொல்லு" என்றார்.

அவள் ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி நன்றாகப் பார்த்தாள். பிறகு, கொக்கி மாட்டுகிறவர்கள் கிரேனுக்குக் காட்டுவது போல, கையை வெளியே நீட்டி அவருக்குத் தெரியும்படி மெல்ல அசைத்தாள்.

கார் நகர்ந்தது.